பயண நேரமும் பயனுள்ள எழுத்தும்



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் காலை. தூத்துக்குடி ஆயர் இல்லத்தில் நமக்கு ஓர் அலுவல் இருந்தது. திருச்செந்தூரிலிருந்து வந்த பேருந்தில் நாமும் ஏறிக்கொண்டோம். வேலைக்குச் செல்வோரும் கல்லூரி மாணவரும் நிறைந்திருந்தனர். நம்மைக் கண்டதும் ஓர் இளைஞர் எழுந்து இடம் தந்தார். அமர்ந்து சுற்றிலும் நோக்கினோம். ஏறத்தாழ எல்லாருடைய கையிலும் கைப்பேசி. எல்லாத் தலையும் குனிந்தே இருந்தன. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலையோ, தாமிரபரணிப் பாலத்தின்கீழ் ஓடும் நீரையோ ஏறிட்டுப் பார்ப்பார் எவருமில்லை.

அவ்வாறு குனிந்திருந்த தலைகளுள் ஒன்று நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்ணின் தலை. தூத்துக்குடியில் கப்பல் சரக்கு தொடர்பான ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவள். அவளைக் கண்டதும் நம் உள்ளத்தில் சிறிது சினம் எழுந்தது. அதற்கு முன்கதை ஒன்றுண்டு. அவள் தாயார் சில நாள்களுக்கு முன்னர் நம்மிடம் வந்து, "சாமி, பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை போனிலேயே கிடக்கிறாளாம். கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள். நீங்கள்தான் புத்தி சொல்லவேண்டும்" என்று கண்கலங்கிக் கூறியிருந்தார். நாமும் அடுத்த ஞாயிறு மறையுரையில் கைப்பேசிக்கு அடிமையாகிக் கிடக்கும் இளையோரைப் பற்றிக் கடுமையாகவே பேசினோம். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆயினும் சிற்றூரில் பெயர் சொல்லவேண்டிய தேவை ஏது? கோயிலில் இருந்தோர் பலர் திரும்பி அவளைப் பார்த்ததை நாம் பீடத்திலிருந்தே கண்டோம்.

பழையகாயலில் அவளருகே இடம் ஒழிந்தது. போய் அமர்ந்தோம். "என்ன மகளே, விளையாட்டு நன்றாக நடக்கிறதா?" என்று கேட்டோம். நம் குரலில் கிண்டல் இருந்தது என்பதை மறைப்பானேன்? அவள் சற்றுத் திகைத்து, "விளையாட்டு இல்லை, சாமி. எழுதுகிறேன்" என்று சொல்லிக் கைப்பேசியை நம்மிடம் நீட்டினாள்.

வாங்கிப் படித்தோம். 1961ஆம் ஆண்டு இக்கடலில் நடந்த கடைசி முத்துக்குளிப்பைப் பற்றி அவளுடைய தாத்தா சொல்லியவை அவை. சலாபம் கூடிய கரை எப்படி இருந்தது, குளியாளியைக் கடலடிக்கு இறக்கும் கல்லின் எடை எவ்வளவு, மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரை எதற்காகத் தம் உயிரையே ஒப்படைக்கத்தக்க உறவினராகத் தேர்ந்துகொண்டனர் என்பன போன்ற செய்திகள் சிறு சிறு குறிப்புகளாக இருந்தன. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் நாற்றிசைக் காற்றுகளும், ஒவ்வொரு காற்றின்போதும் கடலின் நிறம் எவ்வாறு மாறும் என்பதும் வேறொரு பகுதியில் இருந்தன. கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் ஒன்றோடொன்று நேர்பிடித்துக் கடலடியிலுள்ள பாரின் இடத்தை அறியும் முறையும் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட குறிப்புகள்! ஒவ்வொன்றிலும் தேதி. யாவும் நல்ல தமிழில். தாத்தாவின் பேச்சு மட்டும் அவர் பேசியபடியே.

"மாலையில் தாத்தாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், சாமி. மறுநாள் காலை பஸ்ஸில் அதை எழுதிவிடுவேன். வீட்டில் எழுத நேரம் இருக்காது. தண்ணீர் பிடிக்கவேண்டும், சமையலுக்கு உதவவேண்டும், தம்பியைப் படிக்கவைக்கவேண்டும். எனக்கென்று இருப்பது இந்த ஐம்பது நிமிடம்தான்."

அந்தத் தாத்தாவைச் சென்ற தவக்காலத்தில் அடக்கம் செய்தவர் நாமே. அவர் நாவோடு போயிருக்கவேண்டியவை அனைத்தும் அந்தச் சிறு கருவிக்குள் உயிரோடு இருந்தன. முத்தையாபுரம் வந்தது, உப்பளங்கள் பின்னால் சென்றன. நம்மால் சிறிது நேரம் பேச முடியவில்லை. பின்னர் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த ஞாயிறன்று மறையுரை மேடையிலும், அவள் பெயரைச் சொல்லாமலே, நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அறியாது தீர்ப்பிடுவது குருவானவர்க்கும் குற்றமே.

நாம் இழந்தது

நாம் பேச்சிழந்து நின்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடற்கரைப் பங்கில் நாம் பணிபுரிந்தோம். அங்கு முதியவரான கோயில்பிள்ளை ஒருவர் இருந்தார். பெரிய வாரத்தில் ஆண்டவருடைய பாடுகளை நினைந்து பாடும் பழம் பாடல்கள் பல அவருக்கு மனப்பாடம். ஏடும் இல்லை, நூலும் இல்லை. தந்தை பாட மகன் கேட்டுக் கற்றவை. ஒரு பெரிய வெள்ளி இரவில் அவர் நம்மிடம், "சாமி, எனக்குப் பிறகு இதைப் பாட ஆள் கிடையாது. நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

எழுதுவோம் என்றோம். ஆனால் பாஸ்கா விழா முடியட்டும் என்றோம். பின்னர்ப் பள்ளிக் கட்டட வேலை முடியட்டும் என்றோம். அதன்பின் ஊர்த் திருவிழா வந்தது. ஒரு வாரம் ஓய்வாக அமர்ந்து முழுவதையும் முறையாக எழுதவேண்டும் என்பது நம் திட்டம். அந்த ஓய்வான வாரம் வரவே இல்லை. மாற்றல் ஆணை வந்தது. இரண்டு ஆண்டுகளில் அம்முதியவர் இறந்த செய்தியும் வந்தது. இன்று நம் நினைவில் எஞ்சியிருப்பது மெட்டுகள் இரண்டும் அரைகுறை அடிகள் சிலவும் மட்டுமே.

அந்நாளில் அவ்வூரிலிருந்து நகருக்கு வாரந்தோறும் பேருந்தில் சென்று வந்தோம். போக ஒரு மணி, வர ஒரு மணி. சட்டைப்பையில் பேனாவும் இருந்தது. அந்த மணிகளைக் கூட்டிப் பார்த்தால் பாடல் அனைத்தையும் இருமுறை எழுதியிருக்கலாம். நேரம் இல்லாமல் நாம் இழக்கவில்லை. பெரிய நேரத்துக்காகக் காத்திருந்து சிறிய நேரங்களை இழந்தோம்.

இக்கரையில் எழுதியோர்

ஓய்வு கிடைத்தால்தான் எழுத்து என்றிருந்தால் நம் முத்துக்குளித்துறைக்கு வரலாறே இருந்திராது. புனித சவேரியார் 1542ஆம் ஆண்டு அக்டோபரில் இக்கரைக்கு வந்தார். 1544இல் தம் உடன்பணியாளரான மான்சிலாஸ் என்பவருக்கு மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, தூத்துக்குடி என ஊர் ஊராக நடந்துகொண்டே இருபதுக்கும் மேற்பட்ட மடல்கள் எழுதினார். அவற்றுள் பல மிகச் சிறியவை. குழந்தைகளுக்கு மந்திரம் கற்பிப்பதைக் கைவிடாதீர், கணக்கப்பிள்ளைமாருக்குச் சம்பளம் கொடுத்துவிடும், மக்களிடம் பொறுமையாயிரும் என்பன போன்ற அன்றாடச் செய்திகளே அவற்றில் உள்ளன. அவ்வாண்டு சூன் திங்களில் வடுகர் படைக்கு அஞ்சிக் கன்னியாகுமரிப் பக்கம் ஓடிய மக்கள் கடற்பாறைகளில் உணவும் நீருமின்றித் தவித்தனர். அவர்களுக்கு உதவத் தோணிகளோடு புறப்பட்டதையும், எதிர்க்காற்று தடுத்ததையும் அவர் அவசர அவசரமாக எழுதினார். வரலாறு எழுதுகிறோம் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். இன்றோ அந்த ஆண்டில் நம் முன்னோர் பட்ட துயரை அறிய அம்மடல்களே நமக்குக் கண்கள்.

அவருக்குப் பின் வந்தவர் அண்டிரிக் அடிகளார். போர்ச்சுக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்த இச்சேசு சபைத் துறவி 1546இல் கோவாவுக்கும், 1547இல் இக்கரைக்கும் வந்தார். இரவு பகலாக உழைத்துச் சில திங்களிலேயே மொழிபெயர்ப்பாளர் இன்றித் தமிழில் பேசத் தொடங்கினார். 1549இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டபின், மறைப்பணித் தலைமையும் இவர் தோளில் ஏறியது. பூசல்களைத் தீர்த்தல், நோயாளரைச் சந்தித்தல், ஊர் ஊராகச் செல்லல் ஆகிய இவற்றுக்கிடையேதான் தமிழ் இலக்கணக் குறிப்புகளையும் மறைநூல்களையும் அவர் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். அதுவே இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் பெருநூல் ஒன்றும் வந்தது. இப்பணிக்குப் பணம் தந்தவர் முத்துக்குளித்த நம் பரதவ மக்களே. அரை நூற்றாண்டுக்கு மேல் இக்கரையோடு வாழ்ந்து, 1600இல் புன்னைக்காயலில் இறந்த அவர் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். பதினாறு பக்கத்தில் தொடங்கியவர் அவர் என்பதை மறவாதீர்.

எழுத்து மாறிய கதை

மற்றொரு செய்தி இளையோருக்குச் சுவையாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்வரை, "என்ன சாமி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புகிறார்களே" என்று நம்மிடம் முறையிட்டோர் பலர். இது புதிய வழக்கம் அன்று. 1554இல் லிஸ்பன் நகரில் தமிழ் மறைக்கல்வி நூல் ஒன்று அச்சாயிற்று. அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில்தான் இருந்தன. தமிழ் அச்செழுத்து அப்போது இல்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்தே, கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்த எழுத்துகளால் 'தம்பிரான் வணக்கம்' தமிழுருவில் வந்தது.

கைப்பேசியிலும் இதே வரலாறு மீண்டும் நிகழ்ந்துள்ளது. ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை முறை ஏற்கப்பட்டது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் வெளியாயிற்று. கைப்பேசியில் தமிழ் எழுத்திலேயே செய்தி அனுப்ப அது வழிவகுத்தது. இன்று எவர் கையிலுள்ள கருவியிலும் தமிழில் எழுத முடியும். எனவே தமிழை வேற்றெழுத்தில் எழுதுவதற்கு இனிச் சாக்கு இல்லை. தமிழ்99 முறையில் உயிரும் மெய்யும் அடுத்தடுத்து அழுத்தினால் உயிர்மெய் தானே உருவாகும். புள்ளியும் பெரும்பாலும் தானே விழும். ஒரு வாரம் முயன்றால் விரல் பழகிவிடும் என்று பிள்ளைகள் சொல்கின்றனர். நமக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பிற நாட்டார் அனுபவம்

பயணத்தில் எழுதுவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அந்தோணி டிரோலப் என்னும் நாவலாசிரியர் இருந்தார். அஞ்சல் துறையில் அதிகாரி. அலுவலுக்காக ஓயாமல் இரயிலில் செல்லவேண்டியவர். மடியில் வைத்து எழுதச் சிறு பலகை ஒன்றைச் செய்துகொண்டு, பென்சிலால் பெட்டிக்குள்ளேயே எழுதினார்; அதை மனைவியார் பின்னர்ப் படியெடுத்துத் தந்தார். 1857இல் வெளிவந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' என்னும் அவருடைய புகழ்பெற்ற நாவலின் பெரும்பகுதி இவ்வாறு எழுதப்பட்டதே. அது ஒரு பேராலயத்துக் குருமாரின் பூசல்களைப் பற்றிய கதை என்பதை நம் சகோதரக் குருக்கள் புன்னகையோடு அறிந்துகொள்வாராக! சக பயணிகள் பார்க்கிறார்களே என்று முதலில் கூச்சமாயிருந்ததாம், பின்னர்ப் பழகிவிட்டதாம்.

சப்பானில் கைப்பேசியிலேயே நாவல் எழுதும் வழக்கம் பெரிதும் பரவியது. 2007ஆம் ஆண்டு அங்கு மிகுதியாக விற்ற பத்து நாவல்களுள் ஐந்து முதலில் கைப்பேசிக்காக எழுதப்பட்டவை. அவற்றுள் ஒன்றை எழுதியவர் 'ரின்' என்னும் புனைபெயர் கொண்ட இளம்பெண். பள்ளியின் இறுதி ஆண்டில், பகுதிநேர வேலைக்குப் போகும் வழியிலும் இடையிடையே கிடைத்த ஓய்விலும், ஆறு திங்களில் அதனை அவர் எழுதி முடித்தார். நூலாக வந்தபோது நான்கு இலட்சம் படிகள் விற்றன. அத்தகைய கதைகளின் நடை மெலிந்தது, ஆழமற்றது என்று அங்குள்ள திறனாய்வாளர் குறை கூறியதும் உண்மை. குலுங்கும் வண்டியில் எழுதும் எழுத்து சுருக்கமாகத்தான் வரும். அச்சுருக்கம் குற்றமாவதும் குணமாவதும் எழுதுபவர் எதைச் சொல்ல எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது.

நம் கடற்கரையாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. முத்துக்குளித்தவர் கடலடியில் நாளெல்லாம் இருந்தவரல்லர். ஒரு மூச்சு, ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் கைக்கெட்டிய சிப்பியைப் பையில் சேர்த்துக் கயிற்றை அசைத்து மேலே வந்துவிடுவர். மீண்டும் மூச்சு வாங்கி மீண்டும் இறங்குவர். இவ்வாறு சேர்ந்த சிப்பிகள் கரையில் மலைபோல் குவிந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் முத்து இருக்காது. இருந்த சிலவே கொற்கையின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டுசென்றன. நாள்தோறும் எழுதும் பத்து வரிகளும் அத்தகையனவே. எல்லாம் முத்தாக வேண்டியதில்லை. இறங்குவதை நிறுத்தாதிருந்தால் போதும்.

சில அறிவுரைகள்

எழுத விரும்பும் இளையோருக்குச் சில சொல்வோம். முதலாவது, வண்டி ஓட்டும்போது ஒருபோதும் கைப்பேசியைத் தொடாதீர். பேருந்திலோ இரயிலிலோ அமர்ந்து செல்வோருக்கே இது பொருந்தும். இருசக்கர வண்டியில் செல்வோர் மனத்திலே எழுதட்டும். இறங்கியபின் கையால் எழுதலாம்.

இரண்டாவது, எழுதியதை அன்றே ஊருக்கெல்லாம் அனுப்பிவிடாதீர். காலையில் எழுதியதை மாலையில் ஒருமுறை படியுங்கள். பயணக் களைப்பிலும் சினத்திலும் எழுதிய ஒரு வரி, ஒரு குடும்பத்தின் நற்பெயரைக் கெடுத்துவிடக்கூடும். கூட்டத்தில் பேசிய சொல்லாவது காற்றோடு போகும், எழுத்து நிற்கும்.

மூன்றாவது, படியெடுத்து வையுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழும், திருடு போகும், பழுதாகும். வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தாளில் அச்செடுத்து வீட்டில் வையுங்கள். தாளுக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

நான்காவது, ஒருவர் சொன்னதை எழுதும்போது அவருடைய பெயர், ஊர், நாள் ஆகியவற்றையும் அவர் இசைவு பெற்றுக் குறியுங்கள். அவருடைய சொல்லைத் திருத்தாதீர். கடலோடியின் சொல் அகராதியில் இல்லையென்றால் குறை அகராதியுடையது.

ஐந்தாவது, தலையைச் சிறிது நிமிர்த்தவும் வேண்டும். நின்றுகொண்டிருக்கும் முதியவரையும் கைக்குழந்தையோடு ஏறும் தாயையும் காணாத கண்கள், எழுதத்தக்க வேறு எதையும் காணப்போவதில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை கைப்பேசியை நோக்கிக் குனிந்திருந்தால், வீண் பொழுதென்று முடிவு கட்டுமுன், என்ன செய்கிறாய் என்று அன்போடு கேளுங்கள். வீண் பொழுதாகவும் இருக்கலாம், அப்போது கண்டியுங்கள். ஆயினும் முதலில் கேளுங்கள். நாம் கேட்காமல் பேசிய பிழையை நீங்கள் செய்யவேண்டாம்.

முடிவாக ஒன்று. அந்தப் பெண்ணின் தாயாரை அண்மையில் சந்தித்தோம். இப்போதெல்லாம் இரவுச் செபமாலைக்குப் பின் மகள் ஒரு குறிப்பைப் படிக்க, வீட்டார் அமர்ந்து கேட்கின்றனராம். "எங்கள் அப்பா என்னிடம் சொல்லாததையெல்லாம் இவளிடம் சொல்லியிருக்கிறார், சாமி. நான்தான் கேட்கவே இல்லை" என்றார் அவர். சொல்லும்போது கண்கள் நிறைந்தன. முன்பு நம்மிடம் வந்து கலங்கிய அதே கண்கள்தான்.

அன்பர்களே, முத்துப்பார்கள் வறண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அப்பார்களில் இறங்கி ஏறியவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றனர். உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கக்கூடும். இன்றிரவு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாளைக் காலைப் பயணத்தில் விடையை எழுதுங்கள். நாமும் தொடங்கியுள்ளோம். ஒரு விரலால் அடிப்பதால் ஆத்தூரிலிருந்து முக்காணி சேர்வதற்குள் நான்கு வரிதான் ஆகிறது. அந்தக் கோயில்பிள்ளையின் பாடல்களில் நினைவிலிருந்த அடிகளை எழுதிவிட்டோம். எஞ்சியவற்றை அறிந்தோர் எவரேனும் இருப்பின் தெரிவிப்பாராக. ஒரே ஓர் அடியாயினும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம்.

இக்கட்டுரையின் முதற்பாதி பேருந்தில் எழுதியது. எழுத்துப் பிழை தென்பட்டால், எம்மோடு சேர்த்துச் சாலையையும் பொறுத்தருள்க.